குரல் இல்லாத உறை

உதயகலாவுக்கு அந்தத் தாதியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

புத்தூரில் தோட்டம் செய்கிற அவளுடைய கணவர் அருளம்பலம், நியூமோனியாவோடு பதினொரு நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். மயக்க மருந்து. மூச்சுக்கு மெஷின். ஒரே மகள் கோபிகா கனடாவில். இன்னும் விசா சரிவரவில்லை; வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது.

அந்தப் பிரிவில் ஓர் ஆய்வு நடந்தது. வீட்டு ஆட்களின் குரலைப் பதிந்து நோயாளியின் காதில் போட்டால், மயக்கம் தெளியும்போது அவர் குழம்பாமல் எழும்புவாரா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்குக் குரல் போடுவார்கள், மற்றவர்களுக்கு இல்லை. யாருக்கு எது என்பதை மூடிய உறைதான் சொல்லும். எல்லாம் கேட்டறிந்துதான் உதயகலா கையெழுத்து வைத்தாள்.

அருளம்பலத்தின் உறையில் ‘குரல் இல்லை’ என்று வந்தது.

அதற்குள் கோபிகா பேசி அனுப்பிவிட்டாள். நாலு நிமிஷம். தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுத்தாச்சா, கிணற்று மோட்டர் திருத்தியாச்சா என்று தொடங்கியவள், கடைசியில் “அப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்படியே நின்றுபோயிருந்தாள்.

உதயகலா அதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் கேட்டாளோ. கேட்கவேண்டியவர் கேட்கவில்லை.

ஆய்வைப் பார்த்துக்கொண்ட தாதி ஜெயனியிடம் கெஞ்சினாள். ஒரேயொரு தடவை, ஒருவருக்கும் தெரியாமல் போடச் சொன்னாள்.

“ஏலாது அக்கா,” என்றாள் ஜெயனி. “குரல் ஆளைத் தெளிவிக்குமோ, இன்னும் குழப்புமோ எண்டு எங்களுக்கே தெரியாது. அதுக்குத்தான் இந்த ஆய்வு. விருப்பமில்லாட்டி நீங்கள் விலகலாம். பிறகு போடலாம். வைத்தியத்திலை ஒண்டும் குறையாது.”

“உங்கடை ஆள் ஒருத்தர் இப்பிடிக் கிடந்தால், நீங்கள் உப்பிடிக் கதைப்பீங்களோ மிஸ்ஸி?”

ஜெயனி கையிலிருந்த குறிப்பைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டாள்.

கல்மனசுக்காரி என்று வெளியே இருந்த எல்லோருக்கும் உதயகலா சொன்னாள்.

மறுநாள் விலகுவதற்கான படிவத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு, நோயாளரைப் பார்க்கும் நேரத்துக்கு வந்தாள்.

பார்க்க வந்தவர்களின் வரிசையில் அவளுக்கு முன்னால் ஜெயனி நின்றாள். சீருடை இல்லை, வீட்டுச் சட்டை. கையைப் பிடித்தபடி ஆறு வயதுப் பெண்பிள்ளை. சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், வாசலில் இருந்த வாங்குப் பலகையில் பிள்ளையை இருத்தினாள்.

பிள்ளை அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தது.

“அம்மா, நான் பாடித் தந்ததை இண்டைக்காவது அப்பாவுக்குப் போடுவீங்களோ?”

ஜெயனி குனிந்து பிள்ளையின் தலையைத் தடவினாள்.

“இல்லையம்மா. அப்பாவுக்கும் குரல் இல்லையெண்டுதான் வந்தது.”