பத்து மணிப் பதிவு

மணி பத்து. மனைவியின் கைபேசி மேசையில் அதிர்கிறது. பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் என் வலைப்பூவில் பதிவு வெளியாகும் நேரம் இது. அவள் பெட்டியின் ஜிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சத்தமாக வாசிக்கிறாள்: "இன்று காலை நானும் அவளும் பால்கனியில் சிரித்துக்கொண்டே காபி குடித்தோம்." வியாழனன்றே எழுதி, தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்தது. நேற்றைய சண்டையில் அடியோடு மறந்துவிட்டேன். பால்கனியில் இரண்டு நாற்காலிகளும் வெயிலில் காய்கின்றன. அதற்குள் முதல் பின்னூட்டம்: "உங்க எழுத்துல பொய்யே இல்லைங்க." அவள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "எங்கப்பா செத்தன்னைக்கு என் கையைப் பிடிச்சிட்டே உட்கார்ந்திருந்தீங்களே, அது எனக்காகவா, இதுக்காகவா?" அப்போதும் பாருங்கள், எனக்கு அடுத்த பதிவை இந்தக் கேள்வியில் தொடங்கலாம் என்று தோன்றுகிறது.