யாரோட ஆளு?

"அந்தம்மா ஏன் வீட்டை விக்கிறாங்க? அதை மட்டும் சொல்லிருங்கண்ணே."

சிவபிரகாஷ் விடுவதாக இல்லை. திருவரங்குளம் டீக்கடையில் தரகர் வெள்ளைச்சாமி டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"அது அவுக சமாச்சாரம் தம்பி. அவுகளா சொன்னாக் கேட்டுக்கங்க."

"பணமுடைன்னு தெரிஞ்சா நான் கொஞ்சம் எறக்கிக் கேப்பேன்ல?"

"அதனாலதான் சொல்ல மாட்டேங்கிறேன்."

"நான் ஒங்களுக்கு கமிஷன் தர்றேன்ல?"

"அவுகளும்தான் தர்றாக."

சிவபிரகாஷுக்குச் சுர்ரென்று ஏறியது. கூடவே பயமும் வந்தது. இந்த மனுஷனிடம் எல்லாவற்றையும் கொட்டித் தொலைத்திருக்கிறானே. வாடகை வீட்டைத் தைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மனைவி கலைமதிக்கோ இந்த வீட்டை விட்டால் வேறு வீடே கண்ணுக்குப் படவில்லை. ஜன்னல் அளவெடுத்துத் திரைத்துணிகூட வாங்கி வைத்துவிட்டாள். அட்வான்ஸ் கொடுக்காத வீட்டுக்குத் திரை வாங்கிய மகராசி இந்த ஜில்லாவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இதெல்லாம் வீட்டுக்கார அம்மா காதுக்குப் போனால் விலை தென்னைமரம் ஏறிவிடாதா?

"அந்த ஆளு அவங்க ஆளுதான்," என்றான் அன்று ராத்திரி கலைமதியிடம். "ரெண்டு பக்கமும் வாங்கித் திங்கிறவரு யாருக்கு உண்மையா இருப்பாரு? நேரா நாமளே போயி முடிச்சிருவோம். கமிஷனும் மிச்சம்."

"பாவங்க. ஆலங்குடிக்கும் அரிமளத்துக்கும் வெயில்ல கூட்டிட்டு அலைஞ்சவரு."

"பாவம் பாத்தா வீடு வாங்க முடியாது."

மறுநாள் வெற்றிலை பாக்கு, பழம், பூ, நடுவில் அட்வான்ஸ் கவர் என்று தட்டோடு கிளம்பிவிட்டான். தரகரைக் கழற்றிவிடுகிற காரியத்துக்கும் நல்ல நேரம் பார்க்க மறக்கவில்லை.

வீட்டுக்கார அம்மா பரிமளா வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க தம்பி. தரகர் வரலையா? நல்லதாப் போச்சு. அவரு ஒங்க ஆளுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"என் ஆளா?"

"பின்னே? ஒங்களுக்கு எம்புட்டு அவசரம், எதுவரைக்கும் ஏறுவீகன்னு கேட்டுப் பாத்துட்டேன். 'அது அவுக சமாச்சாரம், அவுகளா சொன்னாக் கேட்டுக்கங்க'ன்னு வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு." அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். "நான் ஏன் விக்கிறேன்னு ஒங்ககிட்டச் சொல்லியிருப்பாரே?"

"ஒரு வார்த்தை சொல்லலக்கா."

பரிமளாவிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

சிவபிரகாஷுக்குத்தான் உள்ளே என்னமோ செய்தது. அவன் கொட்டிய தைக் கெடுவும் திரைத்துணியும் தரகர் வாய் வழியாக இந்தப் படியைத் தாண்டவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு இப்படியே திரும்பிவிடலாமா என்றிருந்தது.

அதற்குள் கேட் திறந்தது. பரிமளாவின் அண்ணன் பிச்சை. அவருக்குப் பின்னால், வண்டியை ஸ்டாண்டு போட்டபடி வெள்ளைச்சாமி.

பிச்சை தட்டைப் பார்த்தார். சிவபிரகாஷைப் பார்த்தார்.

"என்னத்தா இது? தரகரை விட்டுப்புட்டுத் தட்டு வந்திருக்கு?"

பிச்சை தங்கச்சி பக்கம் திரும்பினார்.

"அலைஞ்ச மனுஷனுக்கே அல்வா குடுக்குறவரு, நாளைக்குப் பத்திர ஆபீஸ்ல நமக்கு என்ன குடுப்பாரு? இந்த யாவாரம் வேணாம்த்தா. தட்டைத் திருப்பிக் குடு."

சிவபிரகாஷ் தலை நிமிரவில்லை. வீட்டில் திரைத்துணியை மடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள் கலைமதி. போச்சு. வீடும் போச்சு, மானமும் போச்சு.

வெள்ளைச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக உள்ளே வந்தார்.

"அட, நீங்க ஒண்ணுங்கண்ணே. நல்ல நேரம் தாண்டிறப் போகுது, தட்டோட முன்னாடி போயி உக்காருங்க தம்பி, பின்னாடியே வாரேன்னு நான்தான் அனுப்பிவிட்டேன்."

"அப்பிடியா? அதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி," என்று பிச்சை சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். பரிமளாவும் சிவபிரகாஷை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காபி போட உள்ளே போனார்.

தட்டைத் தரகர் கையால் மாற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். சிவபிரகாஷ் இரண்டு கையாலும் தட்டை அவரிடம் நீட்டினான்.

"அண்ணே," என்றான் மெதுவாக. "என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே?"

வெள்ளைச்சாமி வெற்றிலையை நேராக்கி வைத்தார்.

"அது ஒங்க சமாச்சாரம் தம்பி. நான் வெளிய சொல்ல மாட்டேன்."