தீவுக்கு ஒரு டாக்டர்

"காத்து ஒரு வாரம் விடாம அடிச்சா உங்க மனசு என்ன ஆகும், தம்பி?"

கடைக்காரி எஃபி இப்படித்தான் ஆரம்பித்தாள். கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி வந்திருந்த கிரெகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"முதல்ல ரசிப்பேன். அப்புறம் திட்டுவேன். அப்புறம் பழகிடும்."

"பழகிடும்னு சொன்னவங்க எல்லாரையும் நான்தான் கப்பலேத்தி விட்டேன்" என்றார் படகுத்துறையில் கயிறு பிடிக்கும் முர்டோ.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே கிடக்கும் அந்தத் தீவில் டாக்டர் இல்லை. குளிர்காலத்துக்குள் ஒருவர் வந்து சேராவிட்டால், நெஞ்சுவலிக்காரர்கூடக் கடல் அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் ஊர் சார்பில் இவர்கள் இருவரும் பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்து கிரெகரைத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பொது மருத்துவப் பயிற்சி முடிச்சா எத்தனையோ வழி இருக்கே" என்றாள் எஃபி. "டவுன் கிளினிக்ல பங்குதாரர் ஆகலாம். லீவு போட்ட டாக்டருக்குப் பதிலா ஊர் ஊராப் போய் உட்காரலாம். ஆஸ்திரேலியாக்காரன் வேற கூப்பிடறான். இதையெல்லாம் விட்டுட்டு இங்க எதுக்கு?"

"எல்லாம் பேசிப் பார்த்தாச்சுங்க. ஆஸ்திரேலியாவுக்கு விசா விசாரிச்சதே நான்தான். ஆனா அங்கெல்லாம் ஆளைப் பார்த்து முடிக்கறதுக்குள்ள அடுத்த ஆள் கதவைத் தட்டறான். ஒரே குடும்பத்தை வருஷக்கணக்கா பார்க்கணும்னா இந்த மாதிரி இடம்தான். வீட்டிலயும் தீர்மானமா இருக்காங்க."

"முன்னாடி இருந்த டாக்டரும் கெட்டிக்காரங்கதான்" என்றார் முர்டோ. "ரெண்டாவது குளிர்ல தீவை விட்டுப் போயிட்டாங்க."

"ஏன்?"

எஃபி அதைக் காதில் வாங்காதவள்போலத் தேநீர் ஊற்றினாள்.

"ஆடு குட்டி போடறப்ப கைகொடுக்க வருவீங்களா?"

"வருவேன். எப்படின்னு யாராவது சொல்லணும்."

"ஆடே சொல்லும்" என்றார் முர்டோ.

கேள்விகளில் மருந்து வாடையே இல்லை. மீன் சுத்தம் செய்ய வருமா, ஊர் நடனத்தில் ஆடத் தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காவிட்டால் கோபம் வருமா என்றே போயின.

"நடுராத்திரி போன் அடிக்குது. என்ன செய்வீங்க?"

"எழுந்து விளக்கைப் போட்டு, டீ போடுவேன்."

"டீயா?"

"குளிர்ல வெறும் வயித்தோட போகக் கூடாதில்லையா?"

எஃபியும் முர்டோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கடைசியா ஒண்ணு. என் கடை வாசல்ல நிறுத்தி, யாருக்கு என்ன வியாதின்னு ஊரே உங்க வாயைக் கிளறும். நானும்தான்."

"தெரியாதுன்னு சொல்லுவேன்."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தாலும்."

எஃபி முதல்முறையாகச் சிரித்தாள். எழுந்துபோய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள்.

"வாங்க. முடிஞ்சுது. எங்களுக்குத் திருப்தி."

நனைந்த மழைக்கோட்டோடு உள்ளே வந்த ஷோனா, கிரெகரின் தோளில் கை வைத்தாள்.

"என்கிட்ட நேத்து அரைமணியில பேசி முடிச்சு வேலையும் கொடுத்துட்டீங்க. இவரை மட்டும் ஏன் இத்தனை நேரம் வறுத்தெடுத்தீங்க?"

"வைத்தியம் பார்க்கப்போறது நீங்க, டாக்டர்" என்றாள் எஃபி. "இங்க இருக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணப்போறது உங்க வீட்டுக்காரராச்சே."