உள்ளங்கால் சூடு

தாம்பாளம் சுட்டது.

விரலை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். சுட்டதில் அதிசயம் இல்லை. கூழ்வடகம் காய்கிற தாம்பாளம் சித்திரை வெயிலில் சுடத்தான் செய்யும்.

ஆனால் அது மொட்டைமாடியில் அல்லவா இருக்க வேண்டும்?

காலையில் அவளேதான் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். நேற்று வேட்டியில் பிழிந்து, இன்று உரித்தெடுத்துப் பரப்பியது. பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு அடுத்த தெரு சடங்கு வீட்டுக்குப் போனாள். பந்தியில் பாயசம் வருவதற்குள் வானம் எருமைத்தோல் நிறத்துக்கு மாறிவிட்டது. இலையை மூடக்கூட நேரமில்லை. எழுந்து ஓடிவந்தாள். கோவில்பட்டியில் அந்த வயதில் அப்படி ஓடியவர் எவரும் கிடையாது. நாய்கள் ஒதுங்கி வழிவிட்டன.

பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவள் இடுப்பில்.

உள்ளே, அடுப்படித் தரையில், தாம்பாளங்கள் எல்லாம் வரிசையாக.

வெளியே அப்போதுதான் முதல் துளி விழுந்தது.

திருடனோ?

மழைக்கு முன்னால் வடகத்தைப் பத்திரமாக உள்ளே எடுத்து வைக்கும் திருடன் என்றால், அவனை அவளே தத்தெடுத்துக்கொள்வாள்.

வீட்டில் இருப்பவர் அவள் புருஷன் ஒருவர்தான். அவரும் கட்டிலில் கிடக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் கம்பி வைத்து, பொங்கலிலிருந்து கிடக்கிறார். நடக்கலாம் என்றார் டாக்டர். "ஏளா, இது என் காலே இல்ல" என்றார் இவர். தூக்கி உட்கார வைப்பது அவள். துடைத்து விடுவது அவள். சட்டி எடுப்பது அவள். இந்த மனுசன் இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று அடுப்படியில் அழுது தீர்த்தவளும் அவள்தான்.

ஓய்வு பெறும்வரை ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள். ஓரிடத்தில் சூடு இருந்தால் அது எங்கிருந்தோ வந்திருக்கிறது என்று பிள்ளைகளின் மண்டையில் அடித்து அடித்து ஏற்றியவள்.

கூடத்துக்கு வந்தாள். கரண்ட் இல்லை. காற்றாடி நின்றிருந்தது. கட்டிலடியில் கொசுவர்த்தி.

அதன் புகை எப்போதும் நேரே எழுந்து கூரையில் முட்டும். இன்று அப்படியே சாய்ந்து, மாடிப்படி பக்கம் நகர்ந்து, விருந்தாளி மாதிரி ஒவ்வொரு படியாக ஏறிப் போனது. வீட்டுப் புழுக்கம் முழுவதும் அந்த வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது.

மாடிக்கதவு திறந்து கிடக்கிறது.

கட்டில் பக்கம் திரும்பினாள்.

அவர் கண்களை மூடியிருந்தார். குறட்டை வேறு. பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில்கூட அத்தனை மோசமான குறட்டையை அவள் கேட்டதில்லை.

குனிந்தாள். தொடவில்லை. ஆனாலும் அவர் வழுக்கை அவள் கன்னத்தில் அனலை வீசியது. செங்கல் சூளைதான். மேலே ஓர் அப்பளத்தை வைத்திருந்தால் பொரிந்திருக்கும்.

போர்வையை விலக்கினாள். காலைப் பிடித்தாள்.

உள்ளங்கால் கொதித்தது.

செக்கச்செவேல் என்று இருந்தது. மாடித்தரையின் சூடு அப்படியே ஏறி உட்கார்ந்திருந்தது. குதிகாலில் ஒரு வடகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் கட்டில் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

நடக்கிறார்.

நடப்பது மட்டுமா? படி ஏறியிருக்கிறார். தாம்பாளத்தோடு இறங்கியிருக்கிறார். அதுவும் ஒரே நடையில் முடிகிற வேலை இல்லை.

எத்தனை நாளாக?

கை ஓங்கிவிட்டது. சத்தியமாக ஓங்கிவிட்டது. அந்த அடி மட்டும் விழுந்திருந்தால், இடி என்று நினைத்து ஊரே குடை விரித்திருக்கும்.

"ஏளா, மழ வருதோ?" என்றார், கண்ணைத் திறக்காமல். "மாடில வடகம் கெடக்குமே."

போன் அடித்தது.

மகன். புனேயிலிருந்து. இவர் விழுவதற்கு முன்னால் தீபாவளிக்குத் தீபாவளி அடித்த போன். இப்போது தினமும், அவன் சாப்பாட்டு வேளையில் அடிக்கிறது.

அவர் கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்க்கவில்லை. போனையே பார்த்தன.

ஓங்கிய கை இறங்கி, போனை எடுத்தது. இன்னொரு கை பாதத்தின் மேலேயே இருந்தது.

"யம்மா, அப்பா இன்னைக்காவது எந்திரிச்சாங்களா?"

அவள் கைக்குள் பாதம் விறைத்தது.

வெளியே மழை ஏமாற்றிவிட்டது. நாலு துளியோடு சரி. ஜன்னலில் மறுபடியும் வெயில்.

"எங்கய்யா... அப்படியேதான் கெடக்காக," என்றாள். "நாளைக்கும் கூப்பிடு. ஒங் கொரல கேட்டாத்தான் ரெண்டு வாய் திங்காக."

பாதம் மெல்ல ஆறியது. அவள் உள்ளங்கை சுட்டது.

போனை வைத்தாள். குதிகாலில் இருந்த வடகத்தை உரித்தெடுத்து, அவர் நெஞ்சின் மேல் வைத்தாள்.

அவர் மறுபடியும் குறட்டை விட ஆரம்பித்தார்.

தாம்பாளங்களை ஒவ்வொன்றாக மாடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். இறங்கி வந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "பாயாசத்த விட்டுட்டு வந்துட்டேன்," என்றாள் கட்டிலைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி. "வரச் சாயங்காலம் ஆவும்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

பீரோவுக்கடியில் கை விட்டுத் துழாவி, பொங்கலிலிருந்து கிடந்த அவருடைய ரப்பர் செருப்பை இழுத்தாள். தூசி தட்டினாள்.

மாடிப்படியின் கீழே, முனை மாடியைப் பார்க்க, ஜோடியாக வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.