காலி நாற்காலிகள்

தையல்காரம்மாவுக்கு மூட்டு, சிறுநீரகம், இதயம் மூன்றும் சேர்ந்தே மக்கர் செய்தன. மருத்துவமனையில் மூன்று டாக்டர்களும் "இது எங்க பிரிவு இல்ல" என்று அவளைப் பந்தாடினார்கள். அன்று காலை, கூடத்தில் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளின் நடுவே போய் உட்கார்ந்தாள்.

"எனக்கு இருக்கறது ஒரே உடம்பு. மூணு பேரும் ஒண்ணா வந்து பாருங்க. அதுவரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்."

"அடம் பிடிக்காதீங்கம்மா," என்ற காவலாளி அவளை நாற்காலியோடு நகர்த்தப் பார்த்தான். அது அசையவில்லை. பக்கத்துக் காலி நாற்காலியை இழுத்தான். அதுவும் அசையவில்லை. நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் ஒன்றுகூட நகரவில்லை.

"என்னை மட்டுமா விரட்டினீங்க? இப்படி அலைஞ்சு அலைஞ்சே செத்துப் போனவங்க எத்தனை பேரு?" என்றாள்.

கடைசியில் மூன்று டாக்டர்களும் இறங்கி வந்து, சேர்ந்து பரிசோதித்து, பேசி, மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். கிளம்பப் போனவர்களை அவள் விடவில்லை.

"இருங்க டாக்டர். இவங்களையும் பார்த்துட்டுப் போங்க."

காலி நாற்காலிகள் எல்லாம் பாரம் தாங்காமல் வளைந்திருந்தன.