வழவழப்பான தளம்

"பழைய பாய்மரப் படகு, அதுவும் ஃபைபர். எப்படிப் புதுசாக்கறார் பாருங்க என் தங்கச்சி வீட்டுக்காரர்!" என்றாள் மனைவி. அவனுக்கு வயிறு எரிந்தது.

தேய்ந்த மேல்தளத்துக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கத் தயாரான சகலை கேட்டார்: "கால் வழுக்காம இருக்க, பெயின்ட்ல மணல் கலக்கணுமாமே, சகல?"

'ஏறின அன்னிக்கே விழட்டும்' என்று நினைத்துக்கொண்டு, "சேச்சே, அழகே போயிடும்! வழவழன்னு அடிங்க" என்றான்.

சகலை அப்படியே அடித்தார்.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று, மனைவி அதன் கயிற்றை அவன் கையில் கொடுத்தாள்.

"உங்க பிறந்தநாளுக்கு நானும் தங்கச்சியும் வாங்கினது. அதான் அவர் உங்களையே கேட்டுக் கேட்டு அடிச்சார். முதல்ல நீங்க ஏறுங்க!"

அலை தெறித்த தளம் கண்ணாடியாய் மின்னியது.

"சகல… கொஞ்சம் மணல் கிடைக்குமா?"