நீல விளக்குக் கம்ப்ரஸர்

ஒரு ஜீப்பு மணல்மேட்டில் ஓடப் புறப்பட்டது. மணலில் இறங்கினால் டயருக்குக் காற்றைக் குறைக்கணும், தார்ரோட்டில் ஏறினால் திரும்ப அடிக்கணும். அடிக்காவிட்டால் டயர் கிழிந்துபோகும். அதனால் காற்றடிக்கும் கம்ப்ரஸர் பார்க்க ஜீப்பும் டயர்களும் கடைக்குப் போனார்கள். அங்கே நீல விளக்கு மின்ன, தூக்கிப்போகும் பையோடு ஒரு கம்ப்ரஸர் நின்றான்.

பின்டயர் ஒருத்தி ஜீப்பிடம் மெல்லக் கேட்டாள்: "அண்ணே, இவரு நிக்காம எவ்வளவு நேரம் அடிப்பாருன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"டயருக்கு என்ன வாய்? ஆளைப் பாரு, நீல வெளக்கு மின்னுது, பையோட வர்றான்!" என்றது ஜீப்பு.

ஓரத்தில் கறுப்பாக, கனமாக இருந்த இன்னொரு கம்ப்ரஸர், "நாலு டயருக்கும் நான் ஒரே மூச்சா அடிப்பேன்" என்றது.

"இந்த மூஞ்சியோட நாலு பேர் முன்னாடி எப்படிப் போறது?" என்று ஜீப்பு திரும்பிக்கொண்டது.

மணல் முடிந்து தார்ரோடு வந்தது. நீல விளக்குக்காரன் மற்ற மூன்று டயருக்கும் அரைகுறையாக அடித்தான். பின்டயரிடம் வருவதற்குள் உடம்பெல்லாம் கொதித்து, "என்னை யாரும் தொடாதீங்க" என்று படுத்துவிட்டான்.

"அண்ணே, இப்படியே ஓடினா நான் கிழிஞ்சிருவேன்" என்றாள் பின்டயர்.

"பாவம், களைச்சுப் போயிட்டான். உனக்கும் வயிறு கொஞ்சம் பெருசுதானே? நீதாம்மா அனுசரிச்சுப் போகணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பு கிளம்பியது.